மூன்று மாதச் சம்பளம் வராத கல்லூரி அலுவலகத்தில் இன்னும் காத்திருக்கலாமா?

பெங்களூரில் ஒரு தனியார் பட்டப்படிப்புக் கல்லூரியின் கட்டணப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறீர்கள். மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. அதற்கு முந்தைய மாதங்களின் சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்ததாக இருக்கிறது, ஆனால் பாஸ்புக்கில் அந்தத் தொகை ஏறவில்லை. ஜூன் மாதச் சேர்க்கை முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நிர்வாகம் சொல்கிறது. காத்திருப்பதா, கிளம்புவதா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசியில், கட்டண பாக்கி உள்ள மாணவர்களின் மார்க்ஸ் கார்டைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. கல்லூரி மீண்டு வருமா என்பது ஒன்று; உங்களுக்கு வரவேண்டிய பணம் வருமா என்பது இன்னொன்று; அதுவரை உங்கள் கையெழுத்தில் என்னென்ன நடக்க நீங்கள் இடம் கொடுக்கலாம் என்பது மூன்றாவது. மூன்றாவதை நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. நான் இந்த நகரத்துத் தனியார் கல்லூரிகளில் கட்டணக் கவுன்டரில் வேலையைத் தொடங்கி, அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வழக்கறிஞன் அல்ல. ஆகையால் சட்டம் தெளிவாக இருக்கும் இடத்தில் தெளிவாகச் சொல்கிறேன், அது இன்னும் தீராமல் இருக்கும் இடத்தில் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கல்லூரியின் நிலைமை. அலுவலகத்தில் இருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. பேராசிரியர்கள் வதந்தியைக் கேட்டுத் தெரிந்துகொள்வதை நீங்கள் பதிவேட்டைப் புரட்டித் தெரிந்துகொள்ளலாம். எந்தத் தனியார் கல்லூரியிலும் பணம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக வருவதில்லை. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை பெருவரவு இருக்கும், இரண்டாம் தவணை டிசம்பர், ஜனவரியில் வரும், பிப்ரவரி முதல் மே வரை கை காய்ந்து கிடக்கும். நன்றாக நடக்கும் கல்லூரியிலும் ஏப்ரல் சம்பளம் பத்து நாள் தள்ளிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரிப் பருவத் தட்டுப்பாட்டைக் கண்டு யாரும் வேலையை விட வேண்டியதில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது முதலாண்டு மாணவர் எண்ணிக்கை. அறுபது இடம் உள்ள ஒரு வகுப்பில் இருபத்தைந்து பேர் சேர்ந்தால் அந்தப் பள்ளம் அந்த ஓராண்டோடு முடிவதில்லை. அதே இருபத்தைந்து பேர்தான் இரண்டாம் ஆண்டுக்கும் மூன்றாம் ஆண்டுக்கும் போவார்கள். தொடர்ந்து இரண்டு ஆண்டு சேர்க்கை விழுந்திருந்தால், இந்த ஜூனில் வகுப்பு நிரம்பினாலும் கல்லூரிக்குப் பழைய வருமானம் திரும்ப இன்னும் இரண்டு ஆண்டாவது பிடிக்கும். ‘ஜூனில் எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறாரா என்று நீங்களே டி.சி.பி. பதிவேட்டை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். வரவேண்டியது, வந்தது, நிலுவை ஆகிய மூன்று பத்தியும் அதில் ஆண்டுவாரியாக இருக்கும்.

நிலுவையையும் ஒரே மூட்டையாகப் பார்க்காதீர்கள். எஸ்.எஸ்.பி. என்ற மாநில அரசின் உதவித்தொகைத் தளம் வழியாக வரவேண்டிய உதவித்தொகை, அரசு ஈடுகட்டும் கட்டணம் போன்றவை தாமதமாகும், ஆனால் பெரும்பாலும் வந்துசேரும். பாதியில் படிப்பை விட்டுப்போன மாணவன் பெயரில் இருக்கும் நிலுவை வராது, அது பேரேட்டில் மட்டுமே வாழும் பணம். இடைநடுவே ஒரு வகையும் இருக்கிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகையில் மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு இப்போது நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கே போகிறது. குடும்பத்தில் கஷ்டம் இருக்கும்போது அந்தப் பணம் வாடகைக்கோ மருத்துவத்துக்கோ செலவாகிவிடுவது இயல்பு. அதைக் கல்லூரி அரசு நிலுவை என்ற கணக்கில் எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

உங்கள் நிர்வாகம் மட்டுமே காரணம் என்றும் நான் நினைக்கவில்லை. 2024-25 முதல், தொழில்நுட்பக் கல்விக்கு அங்கீகாரம் தரும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ., ஒவ்வொரு பிரிவிலும் இத்தனை இடம்தான் என்று இருந்த உச்சவரம்பை எடுத்துவிட்டது. பெரிய பொறியியல் கல்லூரிகள் கணினி அறிவியல் இடங்களைப் பெருக்கிக்கொண்டன. முன்பு அங்கே இடம் கிடைக்காமல் பி.சி.ஏ. அல்லது பி.எஸ்சி. படிக்க வந்த பிள்ளைகளில் ஒரு பகுதியினர் இப்போது அந்தப் பக்கமே போய்விடுகிறார்கள் என்பது என் கணிப்பு. அதே ஆண்டில் பி.சி.ஏ., பி.பி.ஏ. படிப்புகளுக்கும் ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் தேவை என்றானது. கர்நாடகத்தில் 2021-22-ல் தேசியக் கல்விக் கொள்கையின்படி நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்து, 2024-25-ல் மறுபடியும் மூன்றாண்டுக்கே திரும்பியது. வெவ்வேறு விதிகளில் சேர்ந்த அணிகள் ஒரே கட்டடத்தில் படிக்க, அத்தனைக்கும் யூ.யூ.சி.எம்.எஸ். என்ற மாநிலப் பல்கலைக்கழக, கல்லூரி நிர்வாகத் தளத்தில் பதிவு செய்ய வேண்டிய வேலை அலுவலகத்தின் தலையில் விழுந்தது. மாணவர் குறைந்தும் வேலை குறையவில்லை என்று நீங்கள் வருந்தியிருப்பது உண்மையான வருத்தம்தான்.

மீளக்கூடிய கல்லூரியையும் மீளாத கல்லூரியையும் பிரித்துக் காட்ட நான் நம்பும் அடையாளம் ஒன்று உண்டு. மாணவர்களிடம் வசூலித்த தேர்வுக் கட்டணம் உரிய தேதிக்குள் பல்கலைக்கழகத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். அது கல்லூரியின் வருமானம் அல்ல. கல்லூரி வாங்கிக் கைமாற்றிக் கொடுக்கும் பணம் மட்டுமே. அந்தப் பணத்தை எடுத்து மின்கட்டணம் கட்டவும், காவலாளி ஏஜென்சியைச் சமாதானப்படுத்தவும், வங்கித் தவணை அடைக்கவும் தொடங்கிவிட்டார்கள் என்றால் நிர்வாகத்திடம் வேறு வழி தீர்ந்துவிட்டது என்று பொருள். பல்கலைக்கழகத்தோடு உள்ள இணைவிப்பைப் புதுப்பிக்கும் கட்டணத்துக்கும் இதே விதி பொருந்தும். இவை இரண்டும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்க, சம்பளம் மட்டும் நிற்கிறது என்றால் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். அதே அறக்கட்டளையின் வேறு பள்ளிக்குப் பணம் போகிறது என்ற பேச்சை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அறக்கட்டளைகளுக்குள் பணம் கைமாறுவதற்கு நியாயமான காரணங்களும் இருக்க முடியும். முழுக் கணக்கும் கவுன்டருக்கு வருவதில்லை.

இனி உங்கள் பணம். இதில் பி.எஃப். விஷயம் மிகவும் தெளிவானது. 1982 முதலே கல்வி நிறுவனங்கள் வருங்கால வைப்பு நிதிச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. உங்கள் பங்காக 12 சதவீதத்தைப் பிடித்தால், நிர்வாகத்தின் பங்கோடு சேர்த்து அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும் அதற்கு மேல் தண்டத்தொகையும் உண்டு. பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்திருப்பதைச் சட்டம் சாதாரண பாக்கியாகப் பார்ப்பதில்லை. ஒப்படைத்த பொருளைக் கையாடிய நம்பிக்கை மோசடிக் குற்றமாகப் பார்க்கிறது. சம்பளம் தாமதமாவதை நான் மன்னிப்பேன், இதை மன்னிக்க மாட்டேன். வராத சம்பளத்துக்குக் கல்லூரியிடம் பணம் இல்லை என்பது காரணமாகலாம். பி.எஃப். என்று பிடித்ததோ உங்கள் பணம். மேலும் இதில் உங்களுக்கு ஒரு தனி ஆபத்து இருக்கிறது. பி.எஃப். ஓய்வூதியம் பெறப் பத்து ஆண்டுச் சேவை வேண்டும், ஒன்பது ஆண்டு ஆறு மாதம் ஆகிவிட்டால் பத்தாகக் கணக்கிடுவார்கள். நீங்கள் அந்த வாசலுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். ஆகவே வேலை மாறினாலும் பணத்தை எடுத்துவிடாதீர்கள்; அதே யு.ஏ.என். என்ற பி.எஃப். உறுப்பினர் எண்ணில் புது நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டால் பழைய சேவையும் தொடரும். பணியில் இருக்கும்போது ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் காப்பீடும் இந்தக் கணக்கோடு இணைந்தது என்பதை வீட்டில் சொல்லி வையுங்கள், வாரிசு நியமனம் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். சம்பளச் சீட்டுகளையும் பாஸ்புக்கையும் பதிவிறக்கி, மாதம் மாதமாக ஒப்பிட்டு ஒரு தாளில் எழுதுங்கள். முதலில் முதல்வர் வழியாக அறக்கட்டளைச் செயலருக்கு எழுத்தில் கேளுங்கள், அலுவலகத்தில் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால் வைப்பு நிதி நிறுவனத்தின் இணையவழிக் குறைதீர் தளத்தில் புகார் பதியலாம், ராஜாராம் மோகன்ராய் சாலையில் உள்ள பவிஷ்ய நிதி பவனுக்கு நேரிலும் போகலாம். தனியாகப் போகப் பயமாக இருந்தால் நான்கைந்து பேர் சேர்ந்து கையெழுத்திடுங்கள். ஒருவரைத் தனிமைப்படுத்துவது எளிது, அட்டெண்டர் முதல் நூலகர் வரை ஒரே தாளில் இருந்தால் அப்படிச் செய்ய முடியாது.

சம்பள பாக்கியில் சட்டம் அவ்வளவு நேர்கோடாக இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும், வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளில் கணக்கு முடிக்க வேண்டும். இது உறுதி. கல்லூரி என்பது பழைய தொழில்தகராறுச் சட்டத்தின் பொருளில் ஒரு ‘தொழில்’ ஆகுமா என்பதுதான் இழுபறி. இந்த ஊரின் குடிநீர் வாரியத்துக்கும் ராஜப்பா என்பவருக்கும் நடந்த வழக்கில், 1978-ல், நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஆகும் என்றது. ஆசிரியர்கள் அந்தச் சட்டப்படித் தொழிலாளர் அல்லர் என்று 1988-ல் இன்னொரு தீர்ப்பு வந்தது. எழுத்தர்கள், பணியாளர்கள் விஷயத்தில் அந்தத் தடை இல்லை. ஆனால் 1978 தீர்ப்பையே மறுபரிசீலனை செய்ய 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பினார்கள். புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்போ தொண்டு நோக்கம் கொண்ட அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களுக்கு விலக்குத் தருகிறது. பெரும்பாலான கல்லூரிகள் அறக்கட்டளைப் பெயரில்தான் நடக்கின்றன. உங்கள் அறக்கட்டளை அந்த விலக்குக்குள் வருமா என்பதை ஆவணங்களைப் பார்த்து ஒரு தொழிலாளர் வழக்கறிஞர்தான் சொல்ல முடியும். பன்னேர்கட்டா சாலையில் உள்ள கார்மிக பவனில் முதலில் விசாரித்துவிட்டுப் போவது நல்லது. எந்த வழியில் போனாலும் பழைய பாக்கியை மூன்று ஆண்டுக்கு மேல் தூங்கவிடக் கூடாது.

சட்டத்தைவிட முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மாதச் சம்பளப் பட்டுவாடாப் பதிவேட்டில், அதாவது அக்விட்டன்ஸ் ரோலில், ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்து வாங்குவார்கள். பல்கலைக்கழகத்தின் உள்ளூர் ஆய்வுக் குழு வருவதற்கு முந்தைய வாரம், வராத மாதங்களுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடச் சொல்வது இந்த ஊர்க் கல்லூரிகளில் புதிதல்ல. ‘ஃபார்மாலிட்டிதான், இணைவிப்பு போனால் எல்லோருக்கும்தானே நஷ்டம்’ என்பார்கள். நான் பணியாற்றிய ஒரு கல்லூரியில் நூலக உதவியாளர் ஒருவர் அப்படி எட்டு மாதத்துக்குக் கையெழுத்திட்டார். வேலையை விட்ட பிறகு பாக்கியைக் கேட்டபோது, அதே பதிவேட்டின் நகலைத்தான் அவர் முன் வைத்தார்கள். ஸ்டாம்பின் மேல் இருந்தது அவருடைய கையெழுத்து என்பதை அவரால் மறுக்க முடியவில்லை. வந்த தொகைக்கு மட்டும் கையெழுத்திடுங்கள். பாதி வந்திருந்தால் கையெழுத்தின் பக்கத்தில் பாதித் தொகையை எழுத்தால் எழுதி, தேதி போடுங்கள். இதை அன்றே செய்துவிட்டால், பாக்கி எவ்வளவு என்ற விவாதம் பின்னால் எழவே எழாது. முடிந்தால், இன்ன மாதங்களின் சம்பளம் இவ்வளவு நிலுவையில் உள்ளது என்று முதல்வர் கையெழுத்தோடு ஒரு கடிதமும் வாங்குங்கள். பல முதல்வர்கள் இதற்கு மனமுவந்தே கையெழுத்திடுவார்கள், அவர்களுக்கும் சம்பளம் வந்திருக்காது.

மார்க்ஸ் கார்டு விஷயத்துக்கும் இதே கையெழுத்துதான் மையம். மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சேர்க்கையை ரத்து செய்பவருக்கு எந்தத் தேதியில் எத்தனை சதவீதம் கட்டணத்தைத் திருப்ப வேண்டும் என்ற அட்டவணையும் அதிலேயே இருக்கிறது. கட்டண பாக்கியை வசூலிக்கக் கல்லூரிக்கு உரிமை உண்டு, அந்த உரிமைக்கு ஒரு பிள்ளையின் சான்றிதழ் பிணை அல்ல. ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் விடியற்காலை பஸ் பிடித்து வரும் பெற்றோர், கவுன்டரில் தமிழ் பேசும் முகத்தைக் கண்டதும் உங்களிடம்தான் வருவார்கள். ‘எங்க ஊர்க்காரர் சொல்கிறார்’ என்று நம்புவார்கள். அவர்களிடம் ‘மேலே கேட்டுச் சொல்கிறேன், அடுத்த வாரம் வாங்க’ என்று திரும்பத் திரும்பச் சொல்லும் வேலையை நிர்வாகம் உங்களிடம் ஒப்படைத்திருக்கிறது. அந்த வேலைக்கு வளைந்துகொடுக்கத் தேவையில்லை.

எதிர்த்துப் பேசுங்கள் என்றும் சொல்லவில்லை. அலுவலகத்தில் இருப்பவருக்கு வேறு வழி உண்டு: கோப்பில் குறிப்பு எழுதி மேலே வையுங்கள். இந்த மாணவர் அசல் மதிப்பெண் பட்டியல் கோரி இன்ன தேதியில் மனு கொடுத்துள்ளார், கட்டண நிலுவை இவ்வளவு, யு.ஜி.சி. அறிவிப்பின் நகல் இணைக்கப்பட்டுள்ளது, உத்தரவு வேண்டப்படுகிறது என்று நான்கு வரி போதும். வாய்மொழியாக ‘கொடுக்காதே’ என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் குறிப்பின் கீழ் ‘கொடுக்க வேண்டாம்’ என்று எழுதிச் சுருக்கொப்பம் இடமாட்டார்கள். மார்க்ஸ் கார்டு வெளியே வந்துவிடும். அப்படியே எழுதினாலும் அந்த முடிவு யாருடையது என்பது கோப்பில் இருக்கும். பெற்றோரிடமும் மனுவை எழுத்தில் வாங்கிப் பதிவு எண் போட்டுக் கொடுங்கள். ரொக்கம் வாங்கினால் ரசீது போடாமல் ஒரு ரூபாயும் தொடாதீர்கள். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. கை வறண்ட காலத்தில்தான் ‘ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை’ என்ற பேச்சு தொடங்கும், ரசீதுப் புத்தகம் உங்கள் பொறுப்பில் இருக்கும்.

பணிக்கொடை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பயம் அதில்தான் ஒளிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ராஜினாமா செய்தால் அது போய்விடாது. ஐந்து ஆண்டு தொடர் பணி முடித்த எவருக்கும் உண்டு, கல்வி நிறுவனங்களுக்கு அது 1997-லிருந்தே பொருந்தும். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 18,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து ஒன்பது ஆண்டால் பெருக்கினால் சுமார் 93,460 ரூபாய் வரும். முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும், தவறினால் வட்டி உண்டு. இந்தத் தொகை போய்விடுமோ என்று பயந்து சம்பளமில்லாமல் ஆறு மாதம் உட்கார்ந்திருந்தால், அதைவிடப் பெரிய தொகையைச் சம்பளமாக இழந்திருப்பீர்கள்.

ஆகவே என் கருத்து இது. தேர்வுக் கட்டணம் ஒழுங்காகப் போகிறது, பி.எஃப். பாக்கியைக் கட்டும் தேதியை எழுத்தில் தருகிறார்கள் என்றால் ஆகஸ்ட் வரை பார்க்கலாம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் இன்றே தேடத் தொடங்குங்கள், இருக்கும் வேலையை விடாமல் தேடுங்கள். ஏப்ரலிலிருந்து ஜூன் வரைதான் மற்ற கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் அலுவலக ஆட்களை எடுக்கின்றன. யூ.யூ.சி.எம்.எஸ்., எஸ்.எஸ்.பி. இரண்டிலும் தடையில்லாமல் வேலை செய்பவருக்கு மதிப்பு இருக்கிறது, டேலியும் தெரிந்தால் பள்ளிகளும் மருத்துவமனைகளும் எடுக்கும். நுடி என்ற கன்னடத் தட்டச்சு மென்பொருளில் தட்டச்சு செய்யத் தெரியாவிட்டால் இந்த இரண்டு மாதத்தில் பழகிக்கொள்ளுங்கள். கன்னடம் பேசத் தெரிந்தும் கடிதம் எழுத வராததால் நல்ல இடங்களை இழந்த நம்மவர்கள் பலரை எனக்குத் தெரியும். உங்கள் வீட்டு நிலைமை, கடன், பிள்ளைகளின் படிப்பு எதுவும் எனக்குத் தெரியாது என்பதால் எத்தனை மாதம் தாங்கும் என்பதை நீங்கள்தான் கணக்கிட வேண்டும்.

கிளம்பும் நாள் வந்தால், ரசீதுப் புத்தகங்களின் வரிசை எண், முத்திரைகள், பீரோச் சாவி, கையிருப்பு ரொக்கம் எல்லாவற்றையும் பட்டியலிட்டு ஒப்படைத்து, பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தோடு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். யூ.யூ.சி.எம்.எஸ்., எஸ்.எஸ்.பி. தளங்களில் கல்லூரியின் ஓ.டி.பி. பல இடங்களில் எழுத்தரின் சொந்தக் கைபேசிக்குத்தான் வரும். அந்த எண்ணை மாற்றியதாக எழுத்தில் வாங்காமல் வெளியேறாதீர்கள். பணிவிடுவிப்பு ஆணை, சேவைச் சான்று இரண்டையும் கையில் வாங்குங்கள். பி.எஃப். தளத்தில் பணி விலகிய தேதியைக் கல்லூரி பதியாவிட்டால் இரண்டு மாதம் கழித்து நீங்களே பதியலாம். ஆனால் அந்தத் தேதி கடைசியாகப் பணம் கட்டப்பட்ட மாதத்துக்குள்தான் விழும். கட்டாத மாதங்கள் உங்கள் சேவையிலிருந்து உதிர்ந்துவிடும் என்பதால், பாக்கிக்கான புகார் முடியும்வரை அதைப் பதியாமல் இருங்கள்.